கமராவை யார் பிடிப்பது? சமூக ஆய்விலும் திட்ட மதிப்பீட்டிலும் வீடியோ

ஒரு வாழ்வாதாரத் திட்டம் முடியும் தறுவாயில் கிராமத்துக்குக் கமரா வருவது மட்டக்களப்பில் வழமையான விசயம். வாகனத்திலிருந்து இறங்கும் தம்பி நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து, பயனாளி அக்காவை ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "முதல் எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி இருக்கிறீங்க எண்டு சொல்லுங்க அக்கா" என்று கேட்பார். அக்காவும் சொல்வார். மூன்று நிமிட வீடியோ, கீழே ஆங்கில எழுத்து, முடிவில் நிறுவனத்தின் சின்னம். இது விளம்பரம். காசு கொடுத்தவருக்கு நன்றி சொல்லவும் அடுத்த நிதியைத் தேடவும் இது தேவைதான், அதில் தப்பில்லை. இதையே "மதிப்பீட்டு ஆதாரம்" என்று அறிக்கையின் பின்னிணைப்பில் போடும்போதுதான் சிக்கல்.

மதிப்பீடு என்பது வேறு வேலை. திட்டம் சொன்னதைச் செய்ததா, யாருக்குப் பயன்பட்டது, யாரை விட்டுவிட்டது, செலவழித்த காசுக்கு ஏற்ற பலன் கிடைத்ததா, நிறுவனம் போன பிறகும் நிற்குமா என்று கேட்பது அது. உலகம் முழுக்க இந்தக் கேள்விகளைப் பெரும்பாலும் ஓ.ஈ.சி.டி. என்ற, வசதியான நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1991இல் வகுத்த அளவுகோல்களை வைத்துத்தான் கேட்கிறார்கள். 2019இல் அவற்றைத் திருத்தி ஆறாக்கினார்கள். பொருத்தம், ஒத்திசைவு, விளைதிறன், வினைத்திறன், தாக்கம், நிலைத்திருத்தல். பெயர்கள் கனமாக இருந்தாலும் உள்ளே இருப்பது மேலே சொன்ன சாதாரணக் கேள்விகள்தான். சமூக ஆய்வு இதைவிட அகலமானது. திட்டம் எதுவும் இல்லாவிட்டாலும் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அப்படி என்று அது பார்க்கும். இரண்டிலும் வீடியோ எங்கே உதவும், எங்கே உதவாது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரு உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு நிறுவனம் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கும் வேறு சில குடும்பங்களுக்கும் கறவை மாடு கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து மதிப்பீடு. எத்தனை மாடு உயிரோடு இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் பால், வருமானம் கூடியதா என்பதற்கெல்லாம் கேள்விக்கொத்து போதும். வீடியோ தேவையே இல்லை. ஆனால் அதே கேள்விக்கொத்தில் "பால் காசை எப்படிச் செலவழிப்பது என்று யார் முடிவெடுப்பது?" என்று ஒரு கேள்வி இருக்கும். "ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்று பதில் வரும். கணவனும் மனைவியும் இருக்கும் எல்லா வீட்டிலும் அதேதான் வரும்.

இப்போது அந்த வீடொன்றில், சம்மதம் வாங்கி, விடியற்காலையிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கமராவோடு கூடவே இருக்கிறோம் என்று வையுங்கள். நாலு மணிக்கு எழும்புவது, சாணி அள்ளுவது, பால் கறப்பது, புல்லு வெட்டப் போவது எல்லாம் மனைவி. பால் கேனை மோட்டார் சைக்கிளில் கட்டிச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோவதும், காசு வாங்குவதும், வரும் வழியில் கடைக் கணக்கைத் தீர்ப்பதும் கணவர். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் "சேர்ந்துதான்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று இப்போதுதான் தெரிகிறது. சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் பிடிப்பதில் வீடியோவுக்கு ஈடு குறைவு. கையின் வேகம், யார் முதலில் பேசுகிறார், யார் பேசும்போது யார் வாயை மூடிக்கொள்கிறார் என்பதெல்லாம் குறிப்புப் புத்தகத்தில் தங்காது. பதிவில் தங்கும், திரும்பத் திரும்பப் பார்க்கலாம், இன்னொருவரும் பார்த்து "நீங்கள் சொல்வது சரியில்லை" என்று மறுக்கலாம்.

இரண்டு விசயத்தை வீடியோவிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஒன்று, எண்ணிக்கை. ஆறு வீட்டில் எடுத்த படம் இருநூறு வீட்டுக்குப் பேசாது. மற்றது, காரணம். குடும்பம் நிமிர்ந்ததற்கு மாடு காரணமா, கட்டாருக்குப் போன மகன் காரணமா? மாடு கொடுக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தக் கமராவும் எடுக்காது. அதற்கு மாடு கிடைக்காத குடும்பங்களோடு ஒப்பிட வேண்டும், வேறு வழிகளும் உண்டு. வீடியோ அந்த வேலைக்குத் துணை போகலாம், அவ்வளவே.

கமரா ஆய்வுக்குள் வந்த கதை

கமராவை மானுடவியலாளர்கள் சினிமா பிறந்த கையோடு தூக்கிக்கொண்டார்கள். 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து டொரெஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆல்ஃபிரெட் ஹடனின் குழு அசையும் படக் கமராவையும் மெழுகு உருளை ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுபோனது. அந்தக் குழுவில் இருந்த சார்ள்ஸ் செலிக்மன்தான் பிறகு, 1907-08இல், மனைவி பிரெண்டாவோடு இலங்கைக்கு வந்து ஆதிக்குடிகளான வேடர்களிடையே ஆய்வு செய்தார். நமது கிழக்குக் கரையோர வேடர்களைப் பற்றியும் அவர்கள் எழுதினார்கள். வேடர் பாடல்களை மெழுகு உருளையில் பதிந்தார்கள். அந்த உருளைகள் இன்று இருப்பது லண்டன் பிரித்தானிய நூலகத்தில். பதிவு என்பது அப்போது ஒருவழிப் பாதை. எடுத்தவர் கொண்டுபோவார், ஆராய்வார், வெளியிடுவார். பாடியவருக்கு அது திரும்பி வருமா என்பது கேள்வியாகவே இருக்கவில்லை. 1936 முதல் 1938 வரை பாலித் தீவில் மானுடவியலாளர்கள் மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் ஆயிரக்கணக்கில் படம் எடுத்ததும் ஏறக்குறைய அதே போக்கில்தான்.

பாதையை இருவழியாக்கியவர்களில் பிரெஞ்சுக்காரர் ழான் ரூஷ் முக்கியமானவர். நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படமாக்கிய அவர், 1950களின் நடுவில் அதை வேட்டைக்காரர்களின் ஊரிலேயே திரை கட்டிப் போட்டுக் காட்டினார். அவர்களுக்குப் படம் பிடித்தது, பின்னணி இசைதான் பிடிக்கவில்லை. விறுவிறுப்புக்காக வேட்டைக் கட்டத்தில் அவர்களுடைய வேட்டைப் பாட்டையே அவர் சேர்த்திருந்தார். "வேட்டையில் சத்தம் கூடாது, இந்தச் சத்தம் கேட்டால் நீர்யானை ஓடிவிடும்" என்றார்கள். ரூஷ் இசையை எடுத்துவிட்டார். பார்வையாளராக இருக்க வேண்டியவர்கள் ஆய்வைத் திருத்தியவர்களானார்கள். நம் ஊரில் கணவரை இழந்த பெண் பேசும்போது அடியில் வயலின் ஓட விடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேட்டைக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். மதிப்பீட்டு வீடியோவுக்கு இசை வேண்டவே வேண்டாம். பார்ப்பவர் என்ன உணர வேண்டும் என்று நாமே முடிவெடுத்துவிட்ட பிறகு அது என்ன ஆதாரம்?

அபிவிருத்தி வேலைக்குள் இந்த எண்ணம் வந்தது 1967இல், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அருகிலுள்ள ஃபோகோ தீவில். மீன்பிடி நொடித்துப் போயிருந்தது. தீவு மக்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்கலாமா என்ற பேச்சு அரசாங்கத்தில் இருந்தது. சிறுசிறு ஊர்கள், மதப் பிரிவினை, ஒரு ஊரார் மற்ற ஊராரோடு சேர்ந்து எதையும் செய்வதில்லை. தேசியத் திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோவும் மெமோரியல் பல்கலைக்கழகத்து டொன் ஸ்னோடனும் சேர்ந்து, மீனவர்கள் பேசுவதை இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களாக எடுத்தார்கள். பேசியவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குப் போட்டார்கள். ஒரு ஊரார் பேசியதை அடுத்த ஊரார் பார்த்தார்கள். அப்புறம் அமைச்சர்மாருக்குக் காட்டி, அமைச்சர் சொன்ன பதிலையும் படம் பிடித்துத் தீவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மக்கள் தீவிலேயே இருந்தார்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழும்பியது. எல்லாம் படத்தால் மட்டும் நடந்தது என்று சொன்னால், முன்பு சொன்ன காரணம் பற்றிய எச்சரிக்கையை நானே மீறியவனாவேன். ஆனால் படம் ஒரு ஊரின் பேச்சை அடுத்த ஊருக்குக் கடத்தியது.

அம்பாறைக் கரையோரத்தை மனதில் வைத்து இதை யோசித்துப் பாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் தோள் முட்டிக் கிடக்கின்றன. சந்தையில் சந்திப்பார்கள், அபிவிருத்திக் கூட்டத்தில் தனித்தனியாகத்தான் உட்காருவார்கள். உள்ளே போனால் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் மேல்மடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், வாய்க்காலின் கடைவாலில் தமிழ் விவசாயிகள். 1980களின் முதற்பாதியில் இடதுகரையில் விவசாயி அமைப்புகளை உருவாக்கி நீரைப் பகிரச் செய்த வேலை பேர்போனது. அங்கே வீடியோ பயன்படவில்லை, ஆட்கள் நேரில் போய்ப் பேசினார்கள். கடைவாலில் காய்ந்து கிடக்கும் வயலை மேல்மடைக்காரர் பார்ப்பதற்கு இன்று ஒரு போன் போதும். அதைப் போட்டுக் காட்டும் கூட்டத்தை யார் கூட்டுவது என்பதுதான் கடினமான பகுதி.

கமராவை மக்களே பிடித்தால்

இதுவரை சொன்னதில் கமரா வெளியாளின் கையில்தான் இருந்தது. அதையும் மக்களிடம் கொடுப்பதுதான் பங்கேற்பு வீடியோ. 1984இல் அகமதாபாத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு அமெரிக்கரான மார்தா ஸ்டுவர்ட் வீடியோப் பயிற்சி கொடுத்தார். அதில் மரக்கறி வியாபாரிகளும் கூலி வேலை செய்பவர்களும் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். அவர்கள் தங்கள் தொழிற்பாடுகளைத் தாங்களே படமாக்கினார்கள். வாசிக்கத் தெரியாதது படம் எடுக்கத் தடையில்லை என்பது நாற்பது வருடத்துக்கு முன்பே தெரிந்த விசயம்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். பயிற்சி கொடுப்பவர் பாடம் எடுக்காமல் கமராவை முதல் ஆளிடம் கொடுத்துவிடுவார். அவர் பக்கத்தில் இருப்பவரின் பேரைக் கேட்டுப் பதிவார், கமரா அப்படியே வட்டத்தைச் சுற்றி வரும். சுற்று முடிந்ததும் உடனே போட்டுப் பார்ப்பார்கள். சிரிப்பு, வெட்கம், "ஐயோ என்ட குரலா இது" என்ற ஆச்சரியம் எல்லாம் முடியும்போது பயம் போயிருக்கும். பிறகு எதைப் பற்றிப் படம் என்று பேசி, காட்சிகளைப் படங்களாகக் கீறி, வெளியே போய் எடுத்து, ஊருக்குத் திரையிடுவார்கள்.

ஆனால் "மக்கள்" என்று ஒரே ஆள் கிடையாது. கமராவை ஊருக்குக் கொடுத்தால் அது சங்கத் தலைவரின் கைக்கோ, இங்கிலீஷ் தெரிந்த மகனின் கைக்கோதான் முதலில் போகும். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் ஆண்கள் எடுப்பார்கள், பெண்கள் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். பெரிய வயல்காரரான போடியார் வீட்டுக்கு முன்னால் வைத்துக் கூலிக்காரர் கூலியைப் பற்றிப் பேசமாட்டார். பங்கேற்பு என்ற சொல் இதையெல்லாம் தானாகத் தீர்த்துவிடாது. தனிக் குழுக்கள் வைக்க வேண்டும், எங்கே எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும், யார் பேசவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பீட்டோடு இது நன்றாகப் பொருந்தும் ஒரு முறை உண்டு. 1990களின் நடுவில் வங்காளதேசத்தில் ஒரு கிராமியத் திட்டத்துக்காக ரிக் டேவிஸ் உருவாக்கியது, "மிக முக்கியமான மாற்றம்" என்று பேர். அளவுகோலை முன்கூட்டியே வைக்காமல், "போன வருசத்துக்குள்ள உங்கட வாழ்க்கையில நடந்த பெரிய மாற்றம் எது, ஏன் அதைப் பெரிசு எண்டு நினைக்கிறீங்க?" என்று கேட்பது. கதைகள் சேர்ந்த பிறகு ஊர்க்குழு உட்கார்ந்து எந்தக் கதை முக்கியமானது என்று வாதாடித் தேர்ந்தெடுக்கும், காரணத்தை எழுதும். அதன் பிறகு மேல்மட்டத்தில் இன்னொரு குழு அதையே செய்யும். வீடியோவைச் சேர்த்தால் தெரிவான கதைகளைச் சொன்னவர்களே படமாக்கலாம். என்னைக் கேட்டால் கதையைவிடத் தெரிவுக் கூட்டத்தைப் பதிவதுதான் அதிகம் பயன் தரும். "மாடு கிடைச்சது பெரிசில்ல, மறுகா அந்த நுண்கடன்காரன் வாசலுக்கு வராம விட்டானே, அதுதான் பெரிசு" என்று ஒருவர் மறுத்துப் பேசினால், திட்டக்காரர்கள் அளக்கவே நினைக்காத ஒன்று வெளியே வருகிறது. கெட்ட மாற்றங்களையும் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நம் ஆட்கள் மரியாதைக்குச் சொல்லமாட்டார்கள்.

இந்த மரியாதை சாதாரணமானது இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான். அதற்குப் பின் இந்தக் கரைக்கு வந்த நிறுவனங்களுக்கும் கமராக்களுக்கும் கணக்கில்லை. உதவி முகவரகங்கள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு மதிப்பீடு 2006இல் வெளியானபோது, உள்ளூர் மக்களையும் அமைப்புகளையும் ஓரம் தள்ளி உதவி நடந்தது என்று கடுமையாகவே சொன்னது. தேவைக்கு மிஞ்சிக் கொடுத்த படகுகளும் தரமில்லாத படகுகளும் அதில் வருகின்றன. படகு கையளிக்கும் படம் எல்லாரிடமும் இருந்தது, ஆறு மாதம் கழித்துக் கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகின் படம் எடுக்கத்தான் ஆள் குறைவு. அந்தக் காலத்தைக் கண்ட ஊர்களுக்குக் கமராவுக்கு முன்னால் என்ன பேச வேண்டும் என்று நன்றாகத் தெரியும். குறை சொன்னால் அடுத்த பட்டியலில் பேர் இருக்காது என்ற பயம் ஒரு பக்கம், உதவி செய்தவரை முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடாது என்ற நாகரிகம் ஒரு பக்கம். எனவே பொருளைக் கொடுத்த திட்ட உத்தியோகத்தரே கமராவோடு போவது வீண்வேலை.

எங்கே, எப்போது எடுக்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். வெளியாட்கள் தார் வீதியை ஒட்டிய ஊர்களையும், திட்டம் நடந்த இடங்களையும், மழை இல்லாத மாதங்களையும் மட்டுமே பார்க்கிறார்கள் என்று பிரித்தானிய அபிவிருத்தி ஆய்வாளர் ரொபர்ட் சேம்பர்ஸ் 1983இலேயே எழுதினார். வீடியோக் குழுவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், கமரா நனையும் அல்லவா. கல்லடியிலும் ஆரையம்பதியிலும் எடுத்த படம் கிடைக்கும், வெல்லாவெளிக்கு அப்பால் வெள்ளம் மூடிய வீதியில் மார்கழியில் பால் கேனை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்ற படம் கிடைக்காது. எந்த வீடுகள் என்று பயனாளிப் பட்டியலில் சீட்டுக் குலுக்கி முதலே முடிவுசெய்துவிட்டு, அந்த வீடு எங்கிருந்தாலும் போக வேண்டும். "அவங்க நல்லாக் கதைப்பாங்க" என்று கிராமத்தில் சொல்லும் வீட்டுக்குப் போனால் விளம்பரத்துக்குத்தான் படம் கிடைக்கும்.

கருவியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஓரளவு நல்ல போன், சட்டையில் குத்தும் சிறு மைக், ஒரு தாங்கி, பவர் பேங்க். காசு மிஞ்சினால் மைக்கில் போடுங்கள். கடற்காற்றில் படம் தப்பும், குரல் தப்பாது. அன்றன்றே இரண்டு பிரதி எடுத்து வேறுவேறு இடத்தில் வையுங்கள்.

எடுத்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்காமல் எடுப்பவர்கள்தான் அதிகம். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத அரை நாளாவது போகும். எத்தனையாவது நிமிடத்தில் யார், என்ன, எந்தக் கேள்விக்கு என்று அட்டவணை போட வேண்டும். பிறகு திரும்பத் திரும்ப வரும் விசயங்களுக்குக் குறியீடு கொடுத்து, ஒத்துப்போவதையும் முரண்படுவதையும் பிரிக்க வேண்டும். நெதர்லாந்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உருவாக்கிய ஈலான் என்ற மென்பொருள் இலவசம், வீடியோவின் நேரக்கோட்டிலேயே தமிழில் குறிப்பெழுதலாம். வெறும் எக்செல்லிலும் செய்யலாம். அறிக்கையில் ஒரு துண்டைக் காட்டும்போது, அதற்கு மாறாகப் பேசிய துண்டு எத்தனை என்றும் சொல்ல வேண்டும்.

சம்மதம் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை

கிழக்கில் ஆகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய், புனர்வாழ்வு பெற்று வந்த முன்னாள் போராளி, கடன்காரருக்கு ஒளிந்திருப்பவர், கணவரின் அடியைப் பற்றிப் பேசுபவர் இவர்கள் எல்லாம் ஒரு சாதாரண வாழ்வாதார மதிப்பீட்டுக்குள்ளேயே வந்துவிடுவார்கள். மாட்டைப் பற்றிக் கேட்கப் போவோம், மகனைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அந்த இடத்தில் பதிவை நிறுத்தலாமா என்று கேட்பது நம் கடமை.

பிரதேச செயலகத்தின் கடிதமும், கிராம உத்தியோகத்தரின் தலையசைப்பும், கோயில் நிருவாகத்தின் அல்லது பள்ளிவாசல் சம்மேளனத்தின் அனுமதியும் ஊருக்குள் போவதற்குத்தான். பேசுபவரின் சம்மதம் வேறு. அதை மூன்று தடவை கேட்பது நல்ல வழக்கம். எடுக்கும் முன் ஒருமுறை, எடுத்ததைப் பார்த்த பிறகு ஒருமுறை, வெளியே கொடுக்கும் முன் ஒருமுறை. யார் பார்ப்பார்கள் என்று பேர் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்கள் மட்டும் பார்க்கச் சரி என்று காத்தான்குடியில் ஒருவர் சொன்னால், தொகுப்பறையில் இருக்கும் ஆணும் அதற்கு வெளியேதான். "முகப்புத்தகத்தில் போட்டால் கனடாவிலிருக்கும் மச்சாளும் இன்றிரவே பார்ப்பார்" என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். வட்ஸ்அப்பில் போனதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதையும் முதலே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் உதவி நிற்காது என்று சொல்வது மட்டும் போதாது, உதவிப் பட்டியலைக் கையாளுபவர் அந்த இடத்திலேயே இருக்கக்கூடாது.

முகத்தை மங்கலாக்கினால் ஆள் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஊருக்குள் குரல் போதும், கிணற்றடியும் வேலியும் போதும். ஆபத்தான பேச்சு என்றால் கையை மட்டும் எடுக்கலாம், வேறொருவர் குரலில் வாசிக்கலாம், அல்லது வீடியோவே வேண்டாம் என்று குறிப்புப் புத்தகத்துக்குத் திரும்பலாம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஒருவரின் முகமும் குரலும் அவருடைய தனிப்பட்ட தரவுகள்தான்.

பதிவை யார் வைத்திருப்பது, எத்தனை வருடம், பிறகு யார் அழிப்பது என்பதைத் திட்டம் தொடங்கும்போதே எழுதி, ஒரு பிரதியைச் சங்கத்திடம் கொடுங்கள். மதிப்பீட்டு ஒப்பந்தத்தில் "எல்லாப் பதிவுகளும் நிதி கொடுத்த நிறுவனத்துக்குச் சொந்தம்" என்று ஒரு வரி வழமையாக இருக்கும். பேரம் பேச வேண்டிய வரி அது. விளம்பரப் பிரிவு பிறகு வந்து "அந்த அக்காட துண்டைக் கொஞ்சம் தாங்க" என்று கேட்டால், மதிப்பீட்டுக்கு வாங்கிய சம்மதம் விளம்பரத்துக்குச் செல்லாது என்று சொல்ல அந்த ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும்.